கேளாமல் வந்த விலை

(தோட்டப் பொது மண்டபத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பெரிய பொருள் அன்று. உங்கள் வீட்டின் பின்புறத்தில் தார்ப்பாயின்கீழ்க் கிடக்கும் பழைய புல்வெட்டும் இயந்திரத்தைப் பற்றியும், முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பம்பைப் பற்றியும், நீர் இறைக்கும் மோட்டாரைப் பற்றியும், சொந்தமாக இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்போர் வீட்டில் ரப்பர் ஷீட் உருட்டிய உருளை இயந்திரத்தைப் பற்றியுந்தான் பேசப்போகிறேன். இவற்றை விற்கப்போவதாக நீங்கள் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டீர்கள். விற்கும் எண்ணமே உங்களுக்கு இல்லாமலும் இருக்கலாம். ஆயினும் ஒருநாள் மாலை ஒருவர் சிறிய லாரியை வாசலில் நிறுத்துவார். கண்ணை வீட்டின் பக்கவாட்டில் ஒருமுறை ஓடவிடுவார். "அண்ணே, அந்தப் புல் மெஷினைக் கொடுத்துவிடுகிறீர்களா? 150 வெள்ளி தருகிறேன்" என்பார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு என்ன விடை சொல்வது? அதுவே இன்றைய பேச்சு.

நான் சென்றுவரும் தோட்டங்களில் இரண்டு வகையான விடைகளைக் காண்கிறேன். முதல்வகை, கோபம். "என்னைப் பார்த்தால் ஏமாளியாகத் தெரிகிறதா? 900 வெள்ளி கொடுத்து வாங்கிய பொருளை 150க்குக் கேட்கிறாயே!" என்று வந்தவரை விரட்டிவிடுவது. இரண்டாவது வகை, கூச்சம். வாசல்தேடி வந்து கேட்கிறாரே, மூன்று ஐம்பது வெள்ளித் தாள்களைக் கையில் எடுத்துவிட்டாரே, இல்லை என்று எப்படிச் சொல்வது என்று தயங்கித் தலையாட்டிவிடுவது. அவர் போன பிறகு இரவெல்லாம் மனத்துக்குள் கணக்குப் போட்டு வருந்துவது. இந்த இரண்டில் எது கூடுதல் கேடு என்று கேட்டால், இரண்டாவது என்று சொல்லத் தோன்றும். ஆனால் முதல்வகைக்காரரும் ஒன்றை இழக்கிறார். வந்தவர் அந்த ஆண்டில் அவருடைய இயந்திரத்துக்கு விலை கேட்ட ஒரே ஆளாக இருந்திருக்கலாம்.

வந்தவரின் பக்கத்தையும் சற்றுப் பார்ப்போம். பழைய பொருளை வாங்கி விற்பவருக்கு லாரிச் செலவு உண்டு. பழுது பார்க்கும் செலவு உண்டு. வாங்கிய பொருள் ஆறு மாதம் விற்காமல் கிடக்கும் அபாயமும் உண்டு. ஆகவே அவர் குறைத்துத்தான் கேட்பார். பத்து வீட்டில் குறைத்துக் கேட்டால் ஒரு வீட்டிலாவது கிடைக்கும் என்பது அவருடைய தொழிலின் கணக்கு. அடிமாட்டு விலைக்குக் கேட்பது நமக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டுவதில்லை. சந்தையில் நாமும் மீனை அப்படித்தானே கேட்கிறோம்?

ஆயினும் ஒன்றை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் குறைத்துக் கேட்பதைச் சட்டம் தடுப்பதில்லை. நீங்கள் குறைத்துக் கொடுத்த பின் சட்டம் உங்களைக் காப்பாற்றவும் எளிதில் முன்வராது. நம் நாட்டில் 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் என்று ஒன்று இருக்கின்றது. அதன் 26ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆயிரம் வெள்ளி பெறும் ஒரு குதிரையை ஒருவர் பத்து வெள்ளிக்கு விற்க ஒப்புக்கொள்கிறார். மனமொப்பி, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறார். விலை குறைவு என்பதற்காக மட்டும் அந்த ஒப்பந்தம் செல்லாது போய்விடுமா? போகாது என்கிறது சட்டம். மனமொப்பிக் கொடுக்கவில்லை, மிரட்டினார்கள், ஏமாற்றினார்கள் என்று விற்றவர் வழக்காடினால், விலை அத்தனை குறைவாக இருந்ததையும் நீதிமன்றம் ஒரு சான்றாக எண்ணிப் பார்க்கலாம், அவ்வளவே. ஒரு புல்வெட்டும் இயந்திரத்துக்காக நீதிமன்றம் ஏறப்போகிறவர் நம்மில் யார்? எனவே காவல் முழுவதும் நீங்கள் சொல்லும் "சரி" என்ற ஒரு சொல்லில்தான் இருக்கின்றது. வாயால் சொன்ன "சரி"யும் ஒப்பந்தமே. எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று பலர் எண்ணுகிறார்கள், அது தவறு.

அப்படியானால் "சரி" என்றோ "இல்லை" என்றோ சொல்லுமுன் நமக்கு வேண்டுவது யாது? ஒரு தொகை. நம் பொருளுக்கு நாமே வைத்திருக்கும் ஒரு தொகை. குறைந்த விலை நம்மை வீழ்த்துவது அது குறைவாக இருப்பதால் அன்று. அந்த நேரத்தில் நம் மனத்தில் வேறு தொகையே இல்லாதிருப்பதால். வந்தவர் 150 என்றதும், 150ஐச் சுற்றியே நம் எண்ணம் சுழல்கின்றது. "180 கேட்கலாமா, 200 கேட்டால் போய்விடுவாரோ?" என்று அவர் போட்ட வட்டத்துக்குள்ளேயே நிற்கிறோம்.

நான் ஆசிரியர் பயிற்சி பெற்றவன். கரும்பலகை இல்லாவிட்டாலும் கணக்கு இல்லாமல் எனக்குப் பேச வராது. பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை; உங்கள் இயந்திரத்துக்கு உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு ஆண்டு உழைத்த ஒரு புல்வெட்டும் இயந்திரம். அதே வகை புதிதாக இன்று கடையில் 900 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஓடும் நிலையில் உள்ள பழையதைப் பட்டணத்துக் கடையில் 550க்கு விற்கிறார்கள். உங்களுடையதில் இழுகயிறு தேய்ந்திருக்கின்றது. கார்புரேட்டரைக் கழுவ வேண்டும். வேறு சில்லறைப் பழுதுகளும் உண்டு. பழுது பார்ப்பவர் 120 வெள்ளி ஆகும் என்கிறார். 550இல் 120ஐக் கழித்தால் 430. தானே பயன்படுத்திக்கொள்ள வாங்குபவர் உங்களுக்குக் கொடுக்கக்கூடிய விலை ஏறத்தாழ இதுவே. வாங்கி விற்பவர் என்றால் அவருடைய லாரிக்கும் உழைப்புக்கும் இலாபத்துக்கும் ஒரு பங்கு போக வேண்டும். 130 வெள்ளி அதற்கு ஒதுக்குவோம். மீதி 300. ஆக, 430 மேல்வரம்பு, 300 கீழ்வரம்பு. அவர் கேட்ட 150 அந்தக் கீழ்வரம்பிலும் பாதி.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது? 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளிக்குச் சற்று மேல். 300க்கு விற்க வேண்டியதை 150க்கு விட்டுக்கொடுத்தவர் இரண்டு நாளுக்கு மேற்பட்ட உழைப்பை அந்த லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார் என்பதே பொருள். விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடந்த இரண்டு நாள்.

இன்னொரு கணக்கும் இருக்கின்றது. இதை ஆண்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள், பெண்கள் மறப்பதில்லை. அந்த இயந்திரம் சும்மா கிடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்து வீடுகள் இரண்டில் புல்வெட்டிக் கொடுத்து 80 வெள்ளி கொண்டுவருகின்றது. பெட்ரோல், எண்ணெய்ச் செலவு 20 போக 60 மிச்சம். அப்படியானால் வந்தவர் நீட்டும் 150ஐ அந்த இயந்திரம் மூன்று ஞாயிறுகளுக்குள் தானே ஈட்டித் தந்துவிடும். நான்காவது ஞாயிறும் உங்கள் வீட்டிலேயே இருக்கும். விற்றுவிட்டுப் பிறகு வாடகைக்கு எடுத்து வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். சம்பாதிக்கும் பொருளுக்கு விலை பேசும்போது, அது சம்பாதிப்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இந்தத் தொகைகளை எப்படி அறிவது என்று கேட்பீர்கள். முன்னாளில் அது கடினம். இன்று கைப்பேசி இல்லாத வீடு இல்லை. இரண்டு கடைகளை அழைத்து, "இந்த வகை, இத்தனை ஆண்டு உழைத்தது, ஓடுகிறது, வாங்கிக்கொள்வீர்களா?" என்று ஒரு கேள்வி, "இதே வகை பழையது உங்களிடம் விற்பனைக்கு உண்டா, என்ன விலை?" என்று இன்னொரு கேள்வி. இரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் வியாபாரியின் பங்கு. அறிந்த தொகையைச் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதிவையுங்கள். வீட்டில் உள்ள எல்லாரும் அதை அறிந்திருக்கட்டும். ஏனெனில் இப்படிப்பட்ட விலை பெரும்பாலும் வீட்டுத்தலைவர் இல்லாத நேரத்தில், வயதான தாத்தாவோ பாட்டியோ தனியாக இருக்கும் நேரத்தில்தான் வருகின்றது.

இனிப் பேரத்துக்கு வருவோம்.

வந்தவர் 150 என்கிறார். நீங்கள் 450 என்கிறீர்கள். சற்றுநேரம் அப்படியும் இப்படியும் பேசிவிட்டு அவர் சிரித்துக்கொண்டே, "சரி அண்ணே, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், நடுவில் வெட்டிக்கொள்வோம்" என்பார். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கின்றது! நடு என்பது 300. ஆனால் அவர் தொடக்கத்தில் 250 என்று கேட்டிருந்தால் நடு எங்கே இருந்திருக்கும்? 350இல். நூறு வெள்ளி குறைத்துத் தொடங்கியதால் ஐம்பது வெள்ளியை அவர் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். எவ்வளவுக்கு எவ்வளவு கீழே தொடங்குகிறாரோ, அவ்வளவுக்கு நடுவும் கீழே இறங்கும். ஆகவே, கேளாமல் வந்த தாழ்ந்த விலைக்கு நடுவில் வெட்டும் முறை பொருந்தாது. உங்கள் விலையிலிருந்து நீங்கள் இறங்குவதானால் காரணத்தோடு இறங்குங்கள். "பிளேடு தேய்ந்திருக்கிறது, அதற்காக 20 வெள்ளி குறைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். அவரும் தம் பக்கக் காரணத்தைச் சொல்லி ஏறிவரட்டும்.

வந்தவர் பொதுவாக மூன்று பேச்சுப் பேசுவார். "இந்த மாடலுக்கு இப்போது சாமான் கிடைப்பதில்லை" என்பது ஒன்று. கிடைக்கின்றதா இல்லையா என்பதைப் பட்டணத்துக் கடைக்காரர் சொல்லுவார். வாங்க வந்தவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அன்று. "அடுத்த தோட்டத்தில் 120க்கே கொடுத்துவிட்டார்கள்" என்பது மற்றொன்று. இருக்கலாம், அங்கே இயந்திரம் என்ன நிலையில் இருந்தது என்பதை யார் கண்டார்? மூன்றாவதுதான் வலிமையானது. "லாரி இன்றைக்கே திரும்புகிறது அண்ணே, இனி இந்தப் பக்கம் வரமாட்டேன்." இதைக் கேட்டவுடன் நமக்கு ஒரு பதற்றம் வந்துவிடுகின்றது. பொருள் நம்முடையது, வீடு நம்முடையது, அவசரம் மட்டும் அவருடையது. அதை நாம் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்? வாங்கும் எண்ணம் மெய்யாகவே உள்ளவருடைய லாரி திரும்பவும் வரும்.

நான் பரிந்துரைக்கும் விடை மிகச் சிறியது. "விலை சொன்னதற்கு நன்றி. எங்கள் விலை 450. வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன். உங்கள் பெயரையும் எண்ணையும் கொடுத்துவிட்டுப் போங்கள்." இதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. வீட்டில் கேட்க வேண்டும் என்று சொல்வது ஆண்மைக்கு இழுக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். பெரிய நிறுவனங்களின் நிர்வாகிகள் கோடிக்கணக்கில் பேரம் பேசும்போதும், "இயக்குநர் வாரியத்தைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றுதான் எழுந்து போகிறார்கள். உங்கள் வாரியம் அடுப்படியில் இருக்கின்றது, அவ்வளவே வேறுபாடு.

அவர் போன பிறகு, நாள், பெயர், கேட்ட விலை மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். ஓராண்டில் மூன்று பேர் வந்து 150, 220, 280 என்று கேட்டிருந்தால், அந்தக் குறிப்பேடே உங்களுக்கு ஒரு சந்தை. முதலில் வந்தவர் இரண்டாம் முறையும் வந்தாரானால், உங்கள் பொருளில் அவருக்கு ஏதோ நாட்டம் இருக்கின்றது என்றே கொள்ளலாம்.

விலை கேட்பவர் எப்போதும் அயலார் அல்லர். சொந்தக்காரர் கேட்பதுண்டு. "மாமா, எனக்குத்தானே கொடுக்கிறீர்கள்?" என்று மருமகன் முறை உள்ளவர் 100 வெள்ளியை நீட்டினால் என்ன செய்வது? கொடுக்க மனம் இருந்தால் அன்பளிப்பாகவே கொடுத்துவிடுங்கள். காசு வேண்டாம் என்று சொல்லுங்கள். விற்பதானால் விலைக்கு விற்றுவிடுங்கள். பாதி அன்பும் பாதி விலையுமாகக் கொடுத்த பொருள்தான் பிறகு திருமண வீட்டில் சண்டையாக முளைக்கின்றது.

அடுத்து, சிறு தோட்டம் வைத்திருப்போருக்கு மட்டும் சில சொற்கள். உங்களில் பலர் வீட்டில் தந்தையார் காலத்து உருளை இயந்திரம் இருக்கும். வழுவழுப்பான உருளை உடையது ஒன்று, வரிவரியாகப் பள்ளம் வெட்டிய உருளை உடையது ஒன்று. பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, பார்மிக் அமிலம் விட்டு, தட்டில் உறையவைத்து, முதலில் வழுவழுப்பான உருளையில் பலமுறை விட்டு மெலியவைத்து, கடைசியாக வரி உருளையில் விட்டு எடுத்த கைகள் இந்த மண்டபத்திலேயே இருக்கின்றன. அந்த வரிகள் அழகுக்காக ஏற்பட்டவை அல்ல. ஷீட் விரைவில் காயவும், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கவும் ஏற்பட்டவை.

1965இல் எஸ்.எம்.ஆர். எனப்படும் தரம் குறித்த மலேசிய ரப்பர் முறை வந்தது. தொழிற்சாலைகள் கோப்பையிலேயே உறைந்த கட்டிப்பாலை வாங்கி அரைத்துக் கட்டியாக்கத் தலைப்பட்டன. காலப்போக்கில் சிறு தோட்டக்காரர்களும் ஷீட் போடும் உழைப்பை விட்டுக் கட்டிப்பாலையே விற்கலானார்கள். இயந்திரம் கொட்டகையின் மூலைக்குப் போயிற்று. இன்று அதைத் தேடி மூன்று வகையினர் வருகிறார்கள். பழைய இரும்பு வியாபாரி எடைக்குக் கேட்கிறார். இன்னும் ஷீட் போடுபவர் வேலைக்குக் கேட்கிறார். மூன்றாமவர் பழம்பொருள் விரும்பி. உணவகத்திலோ தங்கும் விடுதியிலோ காட்சிக்கு வைக்கக் கேட்கிறார். மூவரும் ஒரே மாதிரியான பழைய சட்டையோடு வரலாம், ஒரே மாதிரி, "இந்தத் துருப்பிடித்த இரும்பு எதற்கு அண்ணே, இடத்தை அடைத்துக்கொண்டு?" என்று தொடங்கலாம். ஆனால் அவர்களுக்கு அதனால் ஆகும் பயன் ஒன்றல்ல. ஆகவே அவர்கள் கொடுக்கக்கூடிய விலையும் ஒன்றல்ல. யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்ற பழமொழி இங்கே பொருந்துகின்றது. எடைக்குக் கேட்பவரின் விலையைப் பழம்பொருளுக்குரிய விலை என்று எண்ணி ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இரண்டு இயந்திரங்களும் சோடி. வரி உருளையை மட்டும் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். மற்றது தனியாக நின்றுவிடும், பிறகு அதற்கு இரும்பு விலைதான். கைப்பிடி, பல்சக்கரம், திருகு ஆகியவை பிள்ளைகள் விளையாடித் தொலைந்துபோகாமல் ஒரு சாக்கில் கட்டிவையுங்கள். வார்ப்பில் செய்தவர் பெயர் பதிந்திருந்தால் அதன்மேல் சாயம் பூசிவிட வேண்டாம். வட்டாரத்தில் இன்னும் ஷீட் போடுபவர் யார் என்பது ரப்பர் வாங்கும் கடைக்காரருக்குத் தெரியும். அவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, தாழ்ந்த விலை எல்லாமே மறுக்கப்படவேண்டியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிலவேளைகளில் குறைந்த விலையே சரியான விலை. மூன்று ஆண்டாகத் தொடாமல் கிடக்கும் பம்பில் இரப்பர் வளையங்கள் வெடித்திருக்கும். பெட்ரோலோடு நிறுத்திவைத்த இயந்திரத்தில் கார்புரேட்டர் பிசினாகியிருக்கும். நாம் 900 கொடுத்து வாங்கினோம் என்பது நம் நினைவில் உள்ள தொகை; வாங்க வருபவருக்கு அந்த நினைவு இல்லை. கடையில் கேட்டு, பழுதைக் கழித்து, வந்த தொகை 160 என்றால், 150க்குக் கேட்டவர் நேர்மையானவரே. அவருக்கு ஒரு குவளை தேநீர் கொடுத்து விற்றுவிடுங்கள். தந்தையார் உழைத்த பொருள், விற்க மனம் வரவில்லை என்றால், அதுவும் தக்க காரணமே. ஆனால் அந்த மன உணர்வுக்கு வாங்குபவர் 200 வெள்ளி கூட்டித் தரவேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகாது.

எல்லாவற்றினும் முக்கியமானது காலம். இதைச் சொல்வதற்காகவே இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன் என்றாலும் தவறில்லை. தாழ்ந்த விலை எப்போது வருகின்றது என்று கவனித்திருக்கிறீர்களா? பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மரம் இலையுதிர்த்துப் பால் குறையும் மாதங்களில் வருகின்றது. ஆண்டிறுதி மழையில் வெட்டு நின்று கை வறண்டிருக்கும்போது வருகின்றது. பள்ளி திறக்குமுன் வருகின்றது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் வருகின்றது. நம் வீட்டுப் பெட்டியில் எப்போது காசு இல்லை என்பதை, பல ஆண்டு பழகிய வியாபாரி நம்மைவிட நன்றாக அறிவார்.

இவற்றுள் மிகவும் கொடியது வீட்டைக் காலிசெய்யும் நேரம். ஓய்வு பெற்றவர் தோட்டத்து வீட்டை விட்டு வெளியேறுகிறார். அல்லது தோட்டமே செம்பனைக்கோ வீடமைப்புக்கோ கைமாறிக் குடும்பங்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறுகின்றன. கடந்த பல ஆண்டுகளில் இதை நாம் எத்தனையோ தோட்டங்களில் கண்டோம். போகும் இடம் அடுக்குமாடி வீடு. அங்கே மருந்துப் பம்பை எங்கே வைப்பது? சாமான் ஏற்ற லாரி வந்து நிற்கின்றது. அந்தக் காலை வேளையில் வருகிறார் விலை கேட்பவர். 150 கூடக் கேட்பதில்லை. "விட்டுவிட்டுத்தானே போகப்போகிறீர்கள், 30 வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். மாடு, கோழிக்கூடு, பால் சுமந்த மிதிவண்டி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை சொல்கிறார். முப்பது ஆண்டு சேர்த்ததை முப்பது நிமிடத்தில் கொடுத்துவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு அவர்களிடம் பேரத் திறமை இருந்திருந்தாலும் பயன் இல்லை. மறுக்க முடியாதவரிடம் பேசும் பேரம் பேரமே அன்று.

ஆகவே, ஓய்வு பெறும் நாள் தெரிந்தவர்கள் மூன்று மாதத்துக்கு முன்பே எதை எடுத்துப்போவது, எதை விற்பது என்று பட்டியல் போடுங்கள். விற்க வேண்டியதை அப்போதே கழுவித் துடைத்து, ஓடவைத்து, நாலு பேருக்குத் தெரியும்படி வாசலில் வையுங்கள். தோட்டமே கைமாறுமானால், வீட்டுக்கு வீடு தனித்தனியாக விற்காமல், பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரே நாளில் இரண்டு மூன்று வியாபாரிகளை வரவழைக்கலாம். ஒருவர் கேட்கும் விலையை மற்றவர் அறியும்போது அடிமாட்டு விலை தானாகவே ஏறும். லாரி வரும் நாளன்று விற்க ஒன்றும் மிச்சம் இருக்கக்கூடாது.

இன்னும் சில செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிர்வாகம் வேலைக்குக் கொடுத்த பம்பும் கருவியும் நம்முடையவை அல்ல. அவற்றை யார் என்ன விலைக்குக் கேட்டாலும் விற்கக்கூடாது. அப்படி விற்றால் வேலைக்கும் ஆபத்து, காவல் நிலையத்துக்கும் போக நேரும். தவணையில் வாங்கி இன்னும் கட்டி முடியாத பொருளும் அப்படியே. பழைய பொருள் வாங்கி விற்போர் 1946ஆம் ஆண்டின் பழைய பொருள் வணிகர் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். வாங்கும் பொருளைப் பதிவேட்டில் எழுத வேண்டும். உரிமம் உண்டா என்று கேட்பதில் குற்றம் ஒன்றும் இல்லை; நேர்மையானவர் காட்டுவார். பொருளை வண்டியில் ஏற்றுமுன் பணம் முழுவதும் கைக்கு வரவேண்டும். வங்கியில் போட்டுவிட்டதாகக் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினால், அந்தப் படத்தை நம்பாதீர்கள். உங்கள் கணக்கைத் திறந்து தொகை ஏறியதைக் கண்ட பிறகே பொருளை விடுங்கள். நமக்குத் தெரிந்த பழுதை நாமும் மறைக்கக்கூடாது. "இன்ன பழுது உண்டு, உள்ளபடியே விற்றது" என்று ஒரு சீட்டில் எழுதி இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொண்டால், பின்னால் அவர் வந்து சண்டைபிடிக்க வழி இல்லை. மாதிரிச் சீட்டு அதோ அந்த மேசைமேல் இருக்கின்றது. வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம்.

என் பேச்சு இத்துடன் முடிகின்றது.  கேள்விகள் இருப்பின் கேட்கலாம்.

(உரை முடிந்ததும் ஒரு தாய் எழுந்து கேட்ட கேள்வியும் அதற்குச் சொன்ன விடையும் பலருக்குப் பயன்படும் என்பதால் இங்கே சேர்க்கப்பெறுகின்றன.)

அந்த அம்மையார் கேட்டது: "ஐயா, புல் மெஷின் என் மகனுடையது. அவன் பட்டணத்தில் வேலை செய்கிறான். போன வாரம் ஒருவர் வந்து 200 வெள்ளி என்று சொல்லி, என் வீட்டுக்காரர் கையில் 50 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மகனுக்கு இன்னும் தெரியாது. வருகிற ஞாயிறு வந்து எடுத்துக்கொள்வாராம். இப்போது என்ன செய்வது?"

விடை: அம்மா, மெஷின் மகனுடையது என்றால், அவர் இசைவில்லாமல் அதை விற்க உங்கள் வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. ஒருவருக்குச் சொந்தமில்லாத பொருளை அவர் விற்றுக் கொடுத்துவிட இயலாது. ஆகவே முதலில் இன்றிரவே மகனை அழைத்துக் கேளுங்கள். அவர் 200க்குச் சரி என்றால் பேச்சு முடிந்தது. நாளைக்கு வேறொருவர் 300 கேட்டாலும் வாக்கை மாற்றக்கூடாது. மகன் மறுத்தால், வந்தவருடைய எண்ணுக்கு உடனே அழைத்து, "மெஷின் மகனுடையது, அவர் விற்கச் சம்மதிக்கவில்லை, முன்பணத்தை வந்து பெற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். அவர் அதற்குள் வேறொருவரிடம் அதைப் பேசி முடித்துவிடக்கூடும். அந்த 50 வெள்ளியை வீட்டுச் செலவுக்கு எடுத்துவிடாமல் அப்படியே ஓர் உறையில் போட்டு வையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது, பெற்றுக்கொண்டதாக அவரிடம் ஒரு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.